இணைய விளையாட்டுக் குழுவிலிருந்து விடைபெறுதலும் பழைய போர்ப் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட ஓர் இணையவழிச் சுடும் விளையாட்டை ஒரே குழுவோடு ஒன்பது ஆண்டுகள் ஆடினேன். அவற்றுள் ஆறு ஆண்டுகள் அந்தக் குழுவின் நிர்வாகிகளில் ஒருவனாகவும் இருந்தேன். சென்ற ஆண்டு விலகினேன். எங்கள் குழுவுக்கு விளையாட்டைத் தவிர இன்னொரு வழக்கமும் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் ஆட்டம் முடிந்ததும், அவரவர் இருக்கும் இடத்தில், ஒரே நொடியில் ஒரு பழைய போர்ப் படத்தை ஓடவிட்டு, ஹெட்செட்டில் பேசிக்கொண்டே பார்த்து முடிப்போம். அதனால், விலகிய பிறகு என்னிடம் வந்த கேள்விகளும் இரண்டு வகையாக இருந்தன: எப்படி விலகுவது என்று சிலர் கேட்டார்கள், அந்தப் படங்களைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். இரண்டையும் தனித்தனியே எழுத முயன்றபோது ஒன்றைச் சொல்ல மற்றொன்று தேவைப்பட்டது. போர் விளையாட்டுகளில் இல்லாத ஒன்று நல்ல போர்ப் படங்களில் தவறாமல் இருக்கிறது. அது, கூட இருந்தவர்களை விட்டுப் பிரிவதும் பிரிந்த பின் வாழ்வதும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். படங்களின் முடிவுகளைப் பற்றியும் பேசியிருப்பதால், கதை முன்பே தெரிவதை விரும்பாதவர்கள் அந்தப் பத்திகளைப் பின்னர் படிக்கலாம்.

விலக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

தொடர்ந்து தோற்பதோ, ஒருவரோடு ஏற்பட்ட வாக்குவாதமோ, விளையாட்டில் வந்த ஒரு மாற்றம் பிடிக்காமல் போவதோ விலகுவதற்குப் போதுமான காரணங்கள் அல்ல. அவை சில வாரங்களில் ஆறிவிடும். எனக்குத் தெரிந்தவரை நம்பத்தக்க அறிகுறி ஒன்று உண்டு. ஆட வேண்டும் என்ற ஆசை இல்லாமல், வராவிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்காக மட்டுமே நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள் என்றால், நேரம் வந்துவிட்டது. எனக்கு அந்த நிலை ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அந்த ஓராண்டை நான் குழுவுக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

இதையும் நோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.-11 என்னும் நோய் வகைப்பாட்டில் விளையாட்டு அடிமைநிலை ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. விளையாடும் நேரத்தின் மீது கட்டுப்பாடு இல்லாமல் போவது, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கேடு விளைகிறது என்று தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, வழக்கமாக 12 மாதங்களேனும் நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். நிறைய நேரம் விளையாடுவது மட்டுமே அதற்குச் சான்றாகாது. அந்த மூன்றும் உங்களிடம் இருப்பதாகத் தோன்றினால், குழுவை விட்டு விலகுவது மட்டும் போதாது. மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

யாரிடமும் சொல்லாமல் நழுவிவிட்டால் என்ன?

குழுவில் உங்களை யாரேனும் துன்புறுத்தியிருந்தால், மிரட்டியிருந்தால், ஒரு சொல்லும் சொல்லாமல் இன்றைக்கே வெளியேறுங்கள். அங்கே யாருக்கும் நீங்கள் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் அல்ல.

மற்றபடி, சொல்லிக்கொண்டு போவதே முறை என்று உறுதியாக நம்புகிறேன். இணையத்தில் ஒருவர் திடீரென்று காணாமல் போனால், அவருக்கு உடல்நலம் கெட்டதா, விபத்து நேர்ந்ததா, கோபமா, இறந்தே போனாரா என்று மற்றவர்களால் அறிய முடியாது. எங்கள் குழுவில் ஒருவர் அப்படி மறைந்தார். அவருடைய உண்மைப் பெயர்கூட எங்களில் எவருக்கும் தெரியாது. பல மாதங்கள் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரேனும் ஒருவர் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். கேட்பதை நிறுத்திய அந்த வாரம், கேட்டுக்கொண்டிருந்த மாதங்களைவிடக் கடினமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் கோன் இச்சிகாவா 1956-ல் இயக்கிய 'தி பர்மீஸ் ஹார்ப்' என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்தோம். பர்மாவில் போர் முடிந்து சரணடைந்த ஒரு படைப்பிரிவு. இசையறிந்த அதன் தலைவர் வீரர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மிசுஷிமா என்ற வீரன் யாழ் மீட்டுவான். சரணடைய மறுக்கும் வேறொரு பிரிவிடம் பேசிப் பார்க்க அவன் அனுப்பப்படுகிறான். பேச்சு பலிக்கவில்லை, குண்டுவீச்சில் அவன் இறந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். உயிர் பிழைத்து, துறவியின் உடையில் தன் பிரிவைத் தேடி நடந்து வரும் வழியெல்லாம், புதைக்க ஆளின்றிக் கிடக்கும் வீரர்களின் உடல்களை அவன் பார்க்கிறான். அவர்களைப் புதைக்காமல் ஊர் திரும்ப அவனால் முடியவில்லை. கூட இருந்தவர்களோ, பாலத்தில் எதிர்ப்பட்ட துறவி அவன்தானா என்ற ஐயத்தில், 'மிசுஷிமா, நாம் சேர்ந்து நாடு திரும்புவோம்' என்று ஒரு கிளிக்குச் சொல்லப் பழக்குகிறார்கள். கடைசியில் அவன் முகாமின் வேலிக்கு அப்பால் வந்து நின்று, யாழில் ஒரு விடைபெறும் பாடலை வாசித்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போகிறான். அவன் எழுதிய கடிதத்தைக் கப்பலில் வைத்துத் தலைவர் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறார்.

அன்றிரவு படம் முடிந்த பிறகு வெகுநேரம் மைக்கில் யாரும் பேசவில்லை. அந்த வீரர்களுக்கு அவன் திரும்பி வராதது வலித்தது. ஆனால் கடிதம் கிடைத்ததால் அவர்களால் கப்பல் ஏறிப் போக முடிந்தது. எங்களுக்கு அப்படி ஒரு கடிதம் கிடைக்கவில்லை என்பதைத்தான் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். நான் விலகும் நாள் வந்தால் எழுதிவிட்டே போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

விடைபெறும் கடிதத்தில் என்ன எழுதலாம்?

சுருக்கமாக எழுதுங்கள். எந்த நாள் முதல் வரமாட்டீர்கள், உங்கள் பொறுப்புகளை யார் ஏற்கிறார்கள், விரும்புகிறவர்கள் உங்களை எங்கே தொடர்பு கொள்ளலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். காரணத்தை ஒரு வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியம் எழுதத் தொடங்கினால் அது பெரும்பாலும் யாரோ ஒருவர் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடும். நன்றி சொல்லும்போது பொதுவாக எல்லோருக்கும் சொல்வதைவிட, குறிப்பிட்ட ஒருவர் செய்த குறிப்பிட்ட செயலைச் சொல்வது நல்லது. என் கடிதத்தில், எனக்கு முதன்முதலில் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி எழுதினேன். தாம் அப்படிச் செய்தது தமக்கு நினைவே இல்லை என்று அவர் பதில் எழுதினார்.

கடிதத்தை ஆட்டம் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் போடாதீர்கள். நெருங்கியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். பொது அறிவிப்பில் பார்த்துத் தெரிந்துகொள்வது அவர்களுக்கு வருத்தம் தரும்.

நிர்வாகியாக இருப்பவர் எவற்றையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்?

ஒருவர் நினைப்பதைவிடப் பொறுப்புகள் அதிகம் இருக்கும். ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். குழுவாகப் பேச நாங்கள் பயன்படுத்திய டிஸ்கார்டு செயலியில் ஒரு சர்வரின், அதாவது ஒரு குழுவின் தளத்தின், உரிமையாளராக இருப்பவர், உரிமையை வேறொருவருக்கு மாற்றாமல் வெறுமனே வெளியேற முடியாது. மாற்றிக்கொடுக்க வேண்டும், இல்லையேல் சர்வரையே அழிக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு வெளியே இருக்கும் பொருட்களுக்கு அப்படிப் பாதுகாப்பு இல்லை. விளையாட்டுச் சர்வருக்கு மாதந்தோறும் யாருடைய அட்டையிலிருந்து பணம் போகிறது, குழுவின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, தானியங்கி பாட்களின் ரகசியச் சாவிகள் யாரிடம் இருக்கின்றன, இரண்டடுக்குச் சரிபார்ப்பு யாருடைய கைபேசிக்கு வருகிறது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் குழுவின் பழைய இணைய முகவரி, முன்பே விலகிப் போன ஒருவரின் பெயரில் இருந்து, புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கைவிட்டுப் போனது. அதோடு நான்கு ஆண்டுகளின் படங்களும் போட்டி முடிவுகளும் போயின.

கடவுச்சொற்களை ஒப்படைத்த பின், புதியவரைக் கொண்டே அவற்றை மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத கடவுச்சொல்லால் உங்கள் மீது பழி வராது. நிர்வாகிகள் மட்டும் அறிந்த செய்திகள், தடை செய்யப்பட்டவர்கள் பற்றிய குறிப்புகள் முதலியவற்றை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கை அழித்துவிடலாமா? சேர்த்துவைத்த பொருட்களை விற்கலாமா?

அழிப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். கணக்கை அழித்தால் வாங்கிய விளையாட்டுகளும் அதனோடு போகும். ஆனால் நீங்கள் எழுதிய செய்திகள் பல தளங்களில் பெயர் நீங்கிய நிலையில் அப்படியே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 17-ஆம் பிரிவு தனிப்பட்ட தரவுகளை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. அங்கே வாழ்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். விற்பனையைப் பொறுத்தவரை, பெரும்பாலான விளையாட்டுகளின் பயன்பாட்டு ஒப்பந்தங்கள் கணக்கை விற்பதையோ மற்றவருக்கு மாற்றுவதையோ தடை செய்கின்றன. நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே.

ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்களைப் பிரிவதற்கு இவ்வளவு வருந்த வேண்டுமா?

வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை, வருத்தம் வரும். ஒன்பது ஆண்டுகள் வாரத்துக்கு நான்கு இரவுகள் கேட்ட குரல் அது. ஒருவர் களைத்திருக்கிறாரா, அழுதுவிட்டு வந்திருக்கிறாரா என்பதை 'வந்துவிட்டேன்' என்ற ஒரு சொல்லிலேயே எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது.

இதைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நுட்பமான காட்சி ழான் ரெனுவார் 1937-ல் இயக்கிய 'லா கிராண்ட் இல்யூஷன்' படத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இரண்டு பிரெஞ்சு அதிகாரிகள். ஒருவர் பிரபு குலத்தைச் சேர்ந்த புவால்தியூ, மற்றவர் எளிய பின்னணியிலிருந்து வந்த மாரெஷால். தப்பிச் செல்லும் நாளில் மாரெஷால் போக வேண்டும். புவால்தியூ பின்தங்கிக் காவலர்களின் கவனத்தைத் திருப்ப வேண்டும். விடைபெற வந்த மாரெஷாலுக்கு நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை. 18 மாதங்கள் ஒன்றாக இருந்தும் நாம் இன்னும் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றே அழைத்துக்கொள்கிறோமே என்று ஆதங்கப்படுகிறார். தன் தாயையும் மனைவியையும்கூட அப்படித்தான் அழைப்பதாகப் புவால்தியூ பதில் சொல்கிறார். 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. இறுதிவரை அந்தத் தூரம் குறையவில்லை. ஆனாலும் ஒருவருக்காக மற்றவர் உயிரைக் கொடுக்கிறார். நெருக்கத்தின் அளவுகோலாக நாம் வைத்திருப்பவை, நேரில் பார்ப்பது, உண்மைப் பெயரை அறிவது, 'நீ' என்று அழைப்பது, இவை இல்லாமலும் ஒரு பிணைப்பு முழுமையாக இருக்க முடியும் என்பதை அந்தப் படம்தான் எனக்குப் புரியவைத்தது.

விலகிய பின் வரும் வெறுமையை எப்படிச் சமாளிப்பது?

முதல் சில வாரங்கள் இரவு ஒன்பது மணிக்குக் கை தானாகவே ஹெட்செட்டைத் தேடும். அந்த நேரத்தைக் காலியாக விடாதீர்கள் என்பதே நடைமுறையில் நான் சொல்லக்கூடியது. அதைவிட ஆழமாக உறுத்தியது வேறொன்று: குழுவுக்குள் எனக்கு ஓர் இடம் இருந்தது, சொன்னால் 40 பேர் கேட்டார்கள்; வெளியே அந்தத் திறமைக்குப் பெயரே இல்லை.

வில்லியம் வைலர் இயக்கி 1946-ல் வெளிவந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' இதைப் பற்றிய படம். போர் முடிந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூன்று பேர் ஒரு குண்டுவீச்சு விமானத்தில் சந்திக்கிறார்கள். விமானப்படையில் கேப்டனாக இருந்த ஃபிரெட் திரும்பி வந்து மருந்துக்கடையின் குளிர்பானப் பிரிவில் நிற்க வேண்டியிருக்கிறது. சார்ஜன்டாக மட்டுமே இருந்த ஆல், வங்கியில் உயர்ந்த பதவிக்குத் திரும்புகிறார். போர்க்களத்தின் தரவரிசை ஊரில் தலைகீழாகிறது. மூன்றாமவர் ஹோமர், இரு கைகளையும் இழந்த கடற்படை வீரர். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹரால்டு ரஸ்ஸல் உண்மையிலேயே 1944-ல் ராணுவப் பயிற்சியின்போது வெடி விபத்தில் இரு கைகளையும் இழந்தவர். இந்த ஒரே பாத்திரத்துக்காக அவருக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. டாக்ஸியில் தன் வீட்டு வாசலை நெருங்கும்போது ஹோமர் இறங்கத் தயங்கி, முதலில் மூவரும் எங்காவது உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகலாமே என்கிறார். ஆசையோடு எதிர்பார்த்த வீடு கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் தன்னை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத மனிதர்கள் அந்த டாக்ஸிக்குள்தான் இருக்கிறார்கள். அன்றிரவே மூவரும் மீண்டும் ஒரே மதுக்கடையில் சேர்ந்துவிடுகிறார்கள்.

உண்மையான போரில் கை இழந்தவரின் நிலையையும் ஒரு விளையாட்டை விட்டு வந்தவனின் நிலையையும் நான் சமமாக்கவில்லை; அது அவமதிப்பாகும். ஆனால் ஒரு கூட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் மதிப்பை இழந்த மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதை அந்தப் படத்தைவிடப் பொறுமையாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை. வெறுமை என்பது நீங்கள் தவறான முடிவெடுத்ததற்கான சான்று அல்ல என்பதை அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

பழைய போர்ப் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

விளையாட்டிலிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜான் ஸ்டர்ஜஸின் 'தி கிரேட் எஸ்கேப்' (1963). ஜெர்மானிய முகாமிலிருந்து தப்பிக்கத் திட்டமிடும் போர்க்கைதிகளின் கதை. சுரங்கம் தோண்டுவது, போலி ஆவணங்கள் செய்வது, மண்ணை எங்கே கொட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. குழுவாக விளையாடிப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிக்கும். அடுத்து வோல்ஃப்காங் பீட்டர்சனின் 'தாஸ் போட்' (1981). நீர்மூழ்கிக் கப்பலின் குறுகிய இடத்தில் காத்திருப்பதே போர் என்பதை அது காட்டும். ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற குறிப்போடு படம் தொடங்குகிறது. இவற்றுக்குப் பிறகு மேலே சொன்ன இச்சிகாவாவுக்கும் ரெனுவாருக்கும் வாருங்கள். ரெனுவாரின் படத்துக்கே ஒரு போர்க்கைதியின் வரலாறு உண்டு: அதன் மூல நெகட்டிவை ஜெர்மானியர் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார்கள், 1945-ல் அது மாஸ்கோவுக்குப் போனது, பின்னர் பிரான்சின் துலூஸ் நகரத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து, அது இன்னதென்று அறியப்படாமலே 1990-கள் வரை கிடந்தது.

எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) மகத்தான படம். ஆனால் அதைக் குழுவாகப் பேசிக்கொண்டே பார்க்காதீர்கள். நாங்கள் அந்தத் தவற்றைச் செய்து பாதியில் நிறுத்தினோம்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் சலிப்பூட்டாதா?

முதல் 15 நிமிடங்கள். அதன் பிறகு நிறம் இல்லாதது நினைவுக்கே வராது.

இந்தப் படங்கள் வரலாற்றுக்கு எவ்வளவு நெருக்கமானவை?

'தி கிரேட் எஸ்கேப்' உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. 1944 மார்ச் மாதத்தில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற முகாமிலிருந்து 76 பேர் சுரங்கம் வழியே வெளியேறினார்கள். 73 பேர் மீண்டும் பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தப்பிய மூவரில் இருவர் நார்வே நாட்டவர், ஒருவர் டச்சுக்காரர். படத்தில் வரும் மோட்டார் சைக்கிள் துரத்தல் முற்றிலும் கற்பனை. ஆனால் போலி ஆவணம் செய்பவராக நடித்த டொனால்டு பிளசன்ஸ் உண்மையிலேயே பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றி ஜெர்மானிய முகாமில் கைதியாக இருந்தவர்.

தமிழ் வாசகர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியது டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957). ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற, இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட, கட்டமைப்பில் குறை சொல்ல முடியாத படம் அது. ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னலாக அலெக் கின்னஸ் நடித்திருக்கிறார். அந்தக் கர்னல், எதிரியின் ரயில்பாதைக்காகக் கட்டும் பாலத்தையே தன் பெருமையாக்கிக்கொண்டு, அதை விட்டுவிட வேண்டிய கணத்தில் விட முடியாமல் நிற்பார். தான் கட்டிய குழுவைப் பற்றிக்கொண்டிருக்கும் எந்த நிர்வாகியும் அந்தக் காட்சியைக் கூச்சமின்றிப் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் படம் ஒரு பெரும் உண்மையை விட்டுவிட்டது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட, சயாம் மரண ரயில்பாதை என்று நாம் அழைக்கும் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை சுமார் 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். அவர்களுக்கு அதிகாரிகள் இல்லை, மருத்துவர்கள் இல்லை, இறந்தவர்களின் பெயரை எழுதிவைக்கவும் ஆள் இல்லை. படத்தை விரும்பிப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன்; ஆனால் அந்தப் பாலத்தின் கீழே யார் கிடக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

போர் விளையாட்டுகளுக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. 'சேவிங் பிரைவேட் ரயன்' 1998-ல் வந்தது. அதை இயக்கிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் எண்ணத்திலிருந்தே 1999-ல் 'மெடல் ஆஃப் ஹானர்' விளையாட்டு பிறந்தது. அந்த வரிசையில் 2002-ல் வந்த 'அலைடு அசால்ட்' பகுதியின் ஒமாஹா கடற்கரைக் கட்டம் அந்தப் படத்தின் தொடக்கக் காட்சியை அப்படியே நினைவூட்டும். அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் பலர் விலகிச் சென்று தொடங்கிய நிறுவனமே 2003-ல் 'கால் ஆஃப் டியூட்டி'யை வெளியிட்டது.

ஆனால் விளையாட்டில் இறந்தவர் சில நொடிகளில் திரும்ப எழுகிறார். அது விளையாட்டின் குறையல்ல, விளையாட்டுக்கு அது தேவை. படத்தில் இறந்தவர் இறந்தவரே; அவருடைய பூட்ஸ் அடுத்தவர் காலுக்குப் போகும். லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கி 1930-ல் வெளிவந்த 'ஆல் குயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்' படத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் அப்படித்தான் ஒரு வீரனிடமிருந்து மற்றொருவனுக்குக் கைமாறிக்கொண்டே போகிறது, ஒவ்வொருவனும் இறந்து விழ.

போரைக் கொண்டாடும் படங்களையும் பார்க்கலாமா?

பார்க்கலாம், நாங்கள் பார்த்தோம், மகிழ்ந்தோம். ஆனால் ஒவ்வொரு நான்காவது வாரமும் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) போன்ற ஒன்றைப் பார்க்கும்படி முறை வைத்திருந்தோம். ஸ்டான்லி குப்ரிக்கின் அந்தப் படத்தில் எதிரி கண்ணுக்கே தெரிவதில்லை. தோல்வியடைந்த தாக்குதலுக்குப் பழியாகத் தம் சொந்த ராணுவத்தாலேயே மூன்று வீரர்கள் சுடப்படுகிறார்கள். பிரான்சில் அது 1975-ல்தான் திரைக்கு வந்தது.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே படம் எது?

கிரிகோரி சுக்ராய் இயக்கிய 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959). இயக்குநர் தாமே ஸ்டாலின்கிராடில் போரிட்டவர். அலியோஷா என்ற 19 வயதுச் சோவியத் வீரன் இரண்டு டாங்கிகளை அழிக்கிறான்; பதக்கம் வேண்டாம், ஊருக்குப் போய் அம்மாவின் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய விடுப்பு தாருங்கள் என்கிறான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரைக்கு இரண்டு நாள் என்று ஆறு நாட்கள் கிடைக்கின்றன. வழியில், காலிழந்த ஒருவரை மனைவியிடம் சேர்ப்பதிலும், யாரோ ஒரு வீரன் கொடுத்தனுப்பிய சோப்பை அவன் வீட்டில் கொடுப்பதிலும், ரயிலில் சந்தித்த ஷூரா என்ற பெண்ணுக்குத் துணையாக இருப்பதிலும் நாட்கள் கரைந்துபோகின்றன. ஊரை அடையும்போது அம்மாவைக் கட்டியணைக்க மட்டுமே நேரம் இருக்கிறது. அவள் வயல் வழியே ஓடி வருவதையும், அவன் உடனே திரும்ப வேண்டியிருப்பதையும், அவன் இனி வரவே மாட்டான் என்பது படத்தின் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். போர்க்களக் காட்சி சில நிமிடங்களே. மீதியெல்லாம் விடைபெறுதல்கள்தான்.

விலகிய பிறகும் குழுவோடு சேர்ந்து படம் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் உடனே வேண்டாம். மூன்று மாதம் இடைவெளி விடுங்கள்; இல்லையேல் படம் முடிந்ததும் ஓர் ஆட்டம், பிறகு இன்னோர் ஆட்டம் என்று போய்விடும். ஆட்ட இரவிலிருந்து பட இரவைப் பிரித்து வேறொரு நாளுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதும் உதவும். ஒருவர் மூன்று வரை எண்ண, எல்லோரும் ஒரே கணத்தில் ஓடவிடும் பழைய முறையே இன்றும் எங்களுக்கு ஒத்துவருகிறது.

முடிவை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால் தவறா?

தவறல்ல. ஆனால் எதற்காகத் திரும்புகிறீர்கள் என்று பாருங்கள். 'ஆல் குயட்' படத்தில் பால் என்ற இளைஞன் விடுப்பில் வீடு திரும்புகிறான். மதுக்கடையில் தந்தையின் நண்பர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு போரை எப்படி நடத்த வேண்டும் என்று அவனுக்கே பாடம் சொல்கிறார்கள். வகுப்பறையில் உண்மையைச் சொன்னதற்காகக் கோழை என்று பெயர் வாங்குகிறான். விடுப்பு முடியும் முன்பே போர்முனைக்குப் போய்விடுகிறான். போரை அவன் விரும்பவில்லை. வேறெங்கும் அவனைப் புரிந்துகொள்ளும் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் மூன்றாவது வாரத்திலேயே விருந்தினனாக உள்ளே நுழைந்தேன். பாதிப் பெயர்கள் புதியவை. என்னை யாரென்று அறியாத புதிய நிர்வாகி ஒருவர் குழுவின் விதிகளை எனக்குப் பொறுமையாக விளக்கினார். அவற்றில் பலவற்றை எழுதியவன் நான். அவர் என்னைவிடத் தெளிவாகவும் கனிவாகவும் விளக்கினார். முழுவதையும் கேட்டுக்கொண்டேன், நன்றி சொன்னேன், ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வெளியே வந்தேன். இப்போது மாதத்தில் ஒரு நாள், படத்துக்கு மட்டும் போகிறேன். அடுத்த மாதம் மூன்று வரை எண்ணப்போகிறவர் அந்தப் புதிய நிர்வாகிதான், படம், அலியோஷாவினுடையது.